கேஷுவல்ட்டி: சொல் விளக்கம்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் இந்தச் சொல் தெரியாத ஆளில்லை. "கேஷுவல்ட்டியில போட்டிருக்கு" என்றால் அவசரத்தில் தூக்கிக்கொண்டு வந்த கேஸ் என்று அர்த்தம். பட்டாளத்தில் பொருள் வேறு. இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், எதிரியிடம் சிறைப்பட்டவர் என்று படையின் ஆள்கணக்கில் குறைந்த அத்தனை பேரும் கேஷுவல்ட்டிதான். செய்திகளில் இதை 'உயிரிழப்பு' என்று பெயர்ப்பது தவறு. 500 கேஷுவல்ட்டி என்றால் 500 பிணம் அல்ல.

மூலம் இலத்தீன். 'காடெரே' என்றால் விழுதல். அதிலிருந்து வந்த 'காசுஸ்' தற்செயலாக நேர்ந்ததைக் குறிக்கும். ஆபீசில் எடுக்கிறோமே கேஷுவல் லீவு, தற்செயல் விடுப்பு, அதுவும் இதற்குத் தம்பி முறைதான். படைக்கணக்குக்குள் இந்தச் சொல் நுழைந்தது பிற்பாடு.

இந்திய ராணுவம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. எதிரியோடு மோதியதில் நேர்ந்தது பேட்டில் கேஷுவல்ட்டி. மற்றதெல்லாம் பெரும்பாலும் பிசிக்கல் கேஷுவல்ட்டி. 1971-இல் மேற்கு எல்லையில் சக்திமான் லாரி ஓட்டிய எங்கள் ஊர்ப் பெரியவரிடம் பேசினால் இரண்டாவது வகைதான் அதிகம் வரும். "சண்டையில செத்தவனுக்குச் சொல்லக் கதை இருக்கு. இவனுவளுக்கு என்னடே இருக்கு?" என்பார். டிசம்பர் பனிமூட்டம், இருட்டடிப்பு, ஹெட்லைட் போடக் கூடாது. முன்வண்டியின் பின் ஆக்சில் நடுவே உருண்டையாக இருக்கும் டிபரன்ஷியலில் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, அதில் மட்டும் படும்படி ஒரு சின்ன பல்பு வைத்திருப்பார்களாம். அந்த வெள்ளையைப் பார்த்தே ராத்திரி முழுக்க ஓட்ட வேண்டும். முன்வண்டி வாய்க்காலில் இறங்கினால் பின்வண்டியும் இறங்கும். அப்புறம், கூடாரத்துக்குள் புகாரி அடுப்பை எரியவிட்டுப் படுத்து, புகையிலேயே போய்விட்டவர்கள். உள்ளே தோட்டா கிடப்பது தெரியாமல் துப்பாக்கி துடைத்தவர்கள்.

2001-02-இல் பாகிஸ்தான் எல்லையில் படையைக் குவித்த ஆபரேஷன் பராக்ரமில் போரே நடக்கவில்லை. ஆனால் கண்ணிவெடி, வெடிமருந்து, வண்டி விபத்து என்று 798 பேர் கேஷுவல்ட்டியானதாக நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'விழுப்புண்' குறளிலேயே இருக்கும் அழகான சொல்தான். ஆனால் அது போர்முனைக் காயத்துக்கு மட்டும். வாய்க்காலில் லாரியோடு கவிழ்ந்தவனுக்கு ஒட்டாது. 'விபத்து' நிகழ்ச்சியைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

என் ஓட்டு 'படு' என்ற வினைக்கு. விழுதல், அடி வாங்குதல், சாதல் மூன்றும் அதில் அடக்கம். நடுகற்களில் 'பட்டான்' என்று வெட்டியிருப்பது இதைத்தான். ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் கல் நட்டார்கள், புலியோடு மல்லுக்கட்டி மாண்டவனுக்கும் நட்டார்கள். நம்மூரில் இன்றும் "அடிபட்டுக் கிடக்கான்" என்றுதானே சொல்கிறோம்.

ஆகவே ஆளைக் குறிக்க 'பட்டோர்', மொத்தக் கணக்குக்கு 'ஆளிழப்பு', பிசிக்கல் கேஷுவல்ட்டிக்குப் 'போர்சாரா ஆளிழப்பு'. ஆஸ்பத்திரிப் பலகைக்கு 'அவசர சிகிச்சைப் பிரிவு' என்பதே போதும்.