மெட்டாஸ்டாசிஸ்: மாற்றிடப் பரவல்

ஓரிடத்தில் தோன்றிய புற்றின் உயிரணுக்கள் பிரிந்து, குருதிக் குழாய் அல்லது நிணநீர்க் குழாய் வழியாகச் சென்று, வேறோர் உறுப்பில் தங்கிப் புதிய கட்டியாக வளர்வதை 'மெட்டாஸ்டாசிஸ்' என்பர். அந்த நிகழ்வுக்கும் அதில் விளையும் கட்டிக்கும் இதுவே பெயர். மருத்துவர்கள் பேச்சில் 'மெட்ஸ்' என்று சுருக்குவதும் உண்டு.

இது கிரேக்கச் சொல். 'மெட்டா' மாற்றத்தையும் 'ஸ்டாசிஸ்' நிற்றலையும் குறிக்க, இரண்டும் சேர்ந்து இடம் மாறுதல் என்று பொருள்படும். நோய் ஓர் உறுப்பை விட்டு மற்றோர் உறுப்புக்குத் தாவுவதைப் பழைய மருத்துவத்தில் சொல்லிவந்த இதனை, 1829இல் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே புற்றுநோய்க்குப் பயன்படுத்தினார்.

நாய்களில் இதற்குத் தெளிவான சான்று எலும்புப் புற்று. ராட்வைலர், கிரேட் டேன் போன்ற பேருருவ இனங்களில் முன்னங்காலின் மணிக்கட்டுக்குச் சற்று மேலே வீக்கமும் நொண்டலுமாக அது வெளிப்படும். காலிலிருந்து திரும்பும் குருதி, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலின் மெல்லிய தந்துகிகளைத்தான் முதலில் அடைகிறது என்பதால், கட்டியிலிருந்து கழன்ற உயிரணுக்கள் பெரும்பாலும் அங்கேயே சிக்குகின்றன. வழியில் மடிவனவே மிகுதி. பிழைத்தவற்றில் மிகச் சிலவே வேரூன்றும். ஆயினும் நோய் கண்டறியப்படும் நாளிலேயே 10 நாய்களில் ஏறத்தாழ 9க்கு எக்ஸ்ரேயில் தென்படாத அளவில் பரவல் நிகழ்ந்திருக்கும். காலை அகற்றிய பிறகும் கீமோதெரபி தருவது இதனால்தான். பெட்டை நாயின் மடிப்புற்றோ பெரும்பாலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களை முதலில் பிடிக்கும்.

தமிழில் எப்படிச் சொல்வது? வெறும் 'பரவல்' போதாது. கட்டி பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவதும் பரவல்தானே. 'இடம்பெயர்வு' அழகான சொல், ஆனால் பழைய இடம் காலியாகிவிட்டதாக எண்ண வைக்கும். மூலக்கட்டியோ இருந்த இடத்திலேயே இருக்கும். 'இரண்டாம் நிலைப் புற்று' என்பதை நான் அறவே தவிர்ப்பேன். நோயின் முற்றுநிலையைக் குறிக்கும் எண்ணோடு அது குழம்பும்: தொலைவுறுப்புக்குப் பரவிய மடிப்புற்று ஐந்தாம் நிலை, அவ்வாறு பரவிய எலும்புப் புற்று மூன்றாம் நிலை. அறிக்கையில் 'இரண்டாம் நிலை' என்று கண்டு நாயின் சொந்தக்காரர் நிம்மதி அடைந்தால் அது தவறான நிம்மதி. ஆகவே நிகழ்வை 'மாற்றிடப் பரவல்' என்றும், அங்கு வளரும் கட்டியை 'மாற்றிடப் புற்று' என்றும் பிரித்து எழுதலாம்.

தெருநாய்களின் பிறப்புறுப்பில் காணப்படும், இணைசேர்க்கையால் பரவும் கட்டிக்கு இச்சொல் பொருந்தாது. அங்கே புற்றணுவே உயிரோடு ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குச் சென்று குடியேறுகிறது. அக்கட்டியின் மரபணு அதைச் சுமக்கும் நாயினுடையதன்று. அதனைத் 'தொற்றும் புற்று' என்பதே சரி. அந்தக் கட்டியும் அதே நாயின் வேறோர் உறுப்புக்கு அரிதாகச் செல்வதுண்டு. அப்போது மட்டும் அது மாற்றிடப் பரவல் ஆகும்.