ஷேக்ஸ்பியரின் சட்டையில் என்ன குழப்பம்?

1623-இல் லண்டனில் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் முகப்பில் உள்ள படத்தைப் பலரும் பார்த்திருப்போம். ஏறிய நெற்றி, விறைத்த வெள்ளைக் காலர், தட்டில் எடுத்து வைத்தது போன்ற தலை. செதுக்கியவர் மார்ட்டின் ட்ரோஷவுட். அந்தப் பெயரில் இருவர் இருந்தாலும், இளையவர்தான் இவர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ஷேக்ஸ்பியர் 1616-இல் இறந்தபோது அந்த இளையவருக்கு வயது 15தான். ஆகவே ஏதோ ஒரு பழைய படத்தைப் பார்த்துத்தான் முகத்தைச் செதுக்கியிருக்க வேண்டும்.

இந்தப் படத்தைச் சுற்றி விசித்திரமான பேச்சுகள் நிறைய உண்டு. தாடையோரம் காதிலிருந்து இறங்கும் கோடு முகமூடியின் விளிம்பாம். சட்டையின் ஒரு பாதி முன்பக்கம், மறுபாதி முதுகுப்பக்கமாம்; அதனால் இரண்டுமே இடது கையாம். கோடு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் இவற்றில் பாதி கரைந்துவிடும்.

செப்புத் தகட்டில் பியூரின் என்ற கூர் உளியைத் தள்ளினால் பள்ளம் விழும். அழுத்தித் தள்ளினால் பள்ளம் ஆழமாகி அகலும், கை தளர்ந்தால் மெலியும். தகடு முழுக்க மை தடவி மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளை அச்சில் நெருக்கினால் அந்த மை தாளுக்கு ஏறும், இடம் வலமாக. இந்த முறையில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்க வேண்டும், இன்னும் இருட்ட வேண்டுமானால் குறுக்கே இன்னொரு வரிசை. தாடைக் கோட்டையும் அப்படித்தான் படிக்க வேண்டும்: நிழல் வரிசை முடிந்து, காலரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் தொடங்கும் இடம் அது.

காலர் கதையே வேறு. அதில் விசிறி போல விரியும் கோடுகளில் பல நிழலே அல்ல, துணியை வளைக்கத் தைத்த மடிப்புகள். கஞ்சி போட்ட லினன் அப்படி நிமிர்ந்து நிற்க அடியில் ஒரு தாங்கு சட்டகம் வேண்டும். பின்னல் நாடா ஓடும் டப்லெட் என்ற இறுக்கமான மேற்சட்டையும் வசதியான கனவானின் உடைதான். 1596-இல் ஷேக்ஸ்பியரின் குடும்பத்துக்குக் கனவான் தகுதியைக் காட்டும் குலச்சின்னம் கிடைத்தது, அவருக்கு அது பொருந்துகிறது.

சரி, அந்த இரண்டு இடது கை? தையல் கண்ணால் பார்த்தால் தோள்கள் ஒத்துவரவில்லை என்பது உண்மைதான். உடம்பு திரும்பியிருந்தால் ஒரு பக்கம் குறுகித் தெரிய வேண்டும், இங்கே கணக்கு தப்பிவிட்டது. தலைக்கு மாதிரி இருந்தது, உடம்புக்கு இல்லை என்றே நான் நினைக்கிறேன். சின்ன உடம்பில் பெரிய தலை உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். இதில் ரகசியச் செய்தி தேட ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று அச்சிலேயே இருக்கிறது. முதன்முதலில் அச்சான சில பிரதிகளில் காலர்மேல் தலையின் நிழல் கிடையாது, தலை மிதக்கிறது. அச்சு வேலை நடக்கும்போதே யாரோ அதைக் கவனித்து, தகட்டை எடுத்துக் காதுக்குக் கீழே காலரில் நிழல் கோடுகளைச் சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் இன்னொரு முறை சிறு திருத்தம். 1685-இல் வந்த நான்காம் பதிப்பு வரை அதே தகடுதான் உழைத்தது. செம்பு மென்மையானது, ஒவ்வொரு நெருக்கலிலும் முதலில் தேய்வது மெல்லிய கோடுகளே. எனவே துணியின் நயத்தையோ கன்னத்தின் வளைவையோ மதிப்பிடுமுன், கையிலிருப்பது எந்தப் பதிப்பின் படம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.