காசு கொடுத்தது நீங்கள், பதிவு யார் பேரில்?

போன வாரம் கோத்தகிரிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு டீச்சர் பஸ் ஏறி, என்னைத் தேடிக் குன்னூருக்கு வந்தார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டை ஒட்டி நான்கு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை நீட்டினார். அவருடைய ஹோம்ஸ்டே பெயரைப் போட்டு டாட் காம் அடித்தால் ரம்மி விளம்பரம் வந்து நிற்கிறது.

"யாரோ ஹேக் பண்ணிட்டாங்க தம்பி. எப்படியாச்சும் எடுத்து விடுங்க. மே மாசம் மொத்தமும் புக்கிங்."

யாரும் ஹேக் செய்யவில்லை. பதிவு விவரத்தைத் தேடிப் பார்த்தேன். அந்த இணையப் பெயர், அதாவது டொமைன், புதிதாகப் பதிவாகிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. டீச்சருடைய பழைய பதிவு ஜனவரியிலேயே காலாவதி ஆகிவிட்டது. யாரும் புதுப்பிக்கவில்லை. கெடுவெல்லாம் முடிந்து பெயர் பொதுவுக்கு வந்ததும் வேறு எவரோ முறையாகக் காசு கட்டி எடுத்துக்கொண்டார்கள். இப்போது அது அவர்களுடையது. "ஜனவரியிலேருந்தே சைட் ஓப்பன் ஆகலைதான். நம்ம ஊரு நெட்டு அப்படித்தானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

நினைவூட்டல் வரவில்லையா என்றால், கட்டாயம் போயிருக்கும். டாட் காம் போன்ற பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பு, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, காலாவதியான ஐந்து நாளுக்குள் இன்னொன்று என்று மூன்று அறிவிப்பாவது அனுப்ப வேண்டும் என்று பெயர்களைப் பதிந்து தரும் ரிஜிஸ்ட்ரார்களுக்குக் கட்டளை போட்டிருக்கிறது. அவை போய்ச் சேர்ந்த இடம், எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த சைட்டைச் செய்து கொடுத்த பையனின் கல்லூரிக் கால மெயில். அவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். அந்த மெயிலைத் திறந்தே பல வருடம் ஆகிறதாம். கெட்டவர் இல்லை. போனில் பேசினேன், அழாத குறை.

இந்த வருடத்தில் எனக்கு இது ஐந்தாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டீச்சர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "நான் தம்பி கேட்ட காசெல்லாம் வருஷா வருஷம் குடுத்துட்டேனே. ஜீபே பண்ணினதுகூட போன்ல இருக்கு." ஐந்து பேரும் இதையேதான் சொன்னார்கள். காசு நான் கொடுத்தேன், ஆகவே பெயர் என்னுடையது. அப்படி இல்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் ஏறுவதில்லை.

நம் மலையில் அரை ஏக்கர் தேயிலை வாங்குகிறவர் என்னென்ன செய்கிறார்? வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். மூலப் பத்திரம் கேட்கிறார். பதிவன்று சார்பதிவாளர் முன்னால் தானே போய் நின்று விரல் வைக்கிறார். பிறகு பட்டா பெயர் மாறிவிட்டதா என்று தாலுகா ஆபீசுக்கு நான்கு நடை நடக்கிறார். "காசு நான் தருகிறேன், பத்திரத்தைத் தரகர் பேரிலேயே போட்டுவிடுங்கள், எனக்கு நேரமில்லை" என்று யாராவது சொல்வார்களா? டொமைனில் நீங்கள் செய்திருப்பது அச்சு அசலாக அதுதான். ரிஜிஸ்ட்ராரின் ஏட்டில் ரிஜிஸ்ட்ரண்ட் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் யாருடைய பெயரும் மெயிலும் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நீங்கள் பில் வைத்திருக்கலாம், ஜீபே காட்டலாம், ஊரே உங்களுக்குச் சாட்சி சொல்லலாம். ஏட்டில் இல்லாதவரிடம் ரிஜிஸ்ட்ரார் பேசவே மாட்டார். பேசாமல் இருப்பதுதான் அவருக்கு முறையும்கூட. நாளைக்கு வேறு ஒருவர் வந்து உங்கள் பெயரைக் கேட்டால் கொடுத்துவிடக் கூடாது அல்லவா?

அந்த உரிமையும் நிலத்தைப் போல நிரந்தரமானதில்லை. குத்தகை மாதிரி. ஒரு பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்து வருடத்துக்குத்தான் பதிய முடியும். டாட் காம் ஏடு முழுவதையும் வைத்திருப்பது அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம்; டாட் இன் ஏடு நம் நாட்டின் நிக்ஸி அமைப்பிடம் இருக்கிறது. ரிஜிஸ்ட்ரார் என்பவர் அந்த ஏட்டில் உங்களுக்காக எழுத அனுமதி பெற்றவர். உங்கள் டிசைனர் ரிஜிஸ்ட்ரார் இல்லை. சைட்டை வைக்க இடம் (ஹோஸ்டிங்) விற்பவரும் ரிஜிஸ்ட்ராராக இருக்க வேண்டும் என்பதில்லை.

டாட் காம் பெயர் காலாவதி ஆனால் என்ன நடக்கும்? ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையிலேயே புதுப்பிக்கலாம். அதற்குள்ளேயே ஏலத்துக்கு விடுகிறவர்களும் உண்டு. பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது மீட்க, வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். பிறகு ஐந்து நாள் எதுவும் செய்ய முடியாது. அதற்கடுத்து யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு. மைக்ரோசாஃப்டே 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயிலில் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயில் திறக்காமல் தவித்தது. லினக்ஸ் நிரலாளர் ஒருவர் தன் கார்டில் 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். டீச்சருக்கு அப்படி யாரும் கட்டவில்லை.

வழக்கு போடலாமே என்பீர்கள். டாட் காமுக்கு 1999 முதல் யுடிஆர்பி என்ற தகராறு முறை இருக்கிறது. டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி. இரண்டிலும் முதல் கேள்வி, அந்தப் பெயரில் உங்களுக்கு டிரேட்மார்க் போன்ற உரிமை உண்டா என்பது. டாட் காமுக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போனால் ஒரு நடுவருக்கான கட்டணமே 1,500 டாலர். நான்கு அறை வைத்திருப்பவர் எங்கே போவார்?

சைட் போனதைவிட எனக்குப் பயம் மெயிலில்தான். டீச்சர் அதே பெயரில் மெயிலும் வைத்திருந்தார். பெயரை எடுத்தவர் நினைத்தால் அந்த முகவரிக்கு வரும் எல்லா மெயிலையும் தன் பெட்டிக்கு வரவைக்கலாம். அறை முன்பதிவுத் தளங்களில் டீச்சர் கொடுத்திருப்பது அந்த மெயில்தான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் மறுகணம் இணைப்பு யார் கைக்குப் போகும்? அன்று மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு தளமாக மெயிலை மாற்றினோம். வங்கியில் கொடுத்திருந்ததும் அதே மெயில். அதற்கு மறுநாள் கிளைக்கே போனார்.

சரி, எந்த ரிஜிஸ்ட்ராரிடம் போவது? எல்லோரும் முதல் வருட விலையைப் பார்க்கிறார்கள். தயவுசெய்து பார்க்காதீர்கள். வெரிசைன் ரிஜிஸ்ட்ராரிடம் வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. எண்ணூறு ரூபாய்க்கு மேல். 99 ரூபாய்க்கு டாட் காம் தருகிறேன் என்பவர் மீதியை உங்களிடமிருந்து எங்கே எடுப்பார் என்று யோசியுங்கள். இரண்டாம் வருடப் புதுப்பிப்பில், தேவையில்லாத கூடுதல் சேவைகளில், மீட்புக் கட்டணத்தில். வாங்குவதற்கு முன் புதுப்பிப்பு விலையையும் மீட்பு விலையையும் தேடிப் பாருங்கள். அவற்றைத் தன் இணையப் பக்கத்தில் தெரியும்படி போடாதவரிடம் வாங்காதீர்கள்.

"ஆட்டோ ரின்யூ போட்டிருக்கேன் அண்ணா" என்று நிம்மதியாகச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 அக்டோபரிலிருந்து நம் கார்டுகளில் தானாகப் பணம் பிடிக்க ரிசர்வ் வங்கியின் கூடுதல் சரிபார்ப்பு விதி இருக்கிறது. அதற்கேற்ற ஏற்பாடு இல்லாத வெளிநாட்டு நிறுவனங்களில் ஆட்டோ ரின்யூ சத்தமில்லாமல் தோற்றுப்போகும். கார்டு மாறினாலும் அதே கதை. உங்கள் கார்டோ யுபிஐயோ எடுக்கும் இடமாகப் பார்த்து, ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடுங்கள். பழத்தோட்டத்துக்கு வேலி போட ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அங்கீகாரம் பெற்ற ரிஜிஸ்ட்ராரா, அவருக்குக் கீழே விற்கும் ரீசெல்லரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரீசெல்லரிடம் வாங்குவது தவறு என்று சொல்லவில்லை. ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் கடை வைத்திருக்கும் ஒருவர் சமவெளியில் ஒரு ரீசெல்லரிடம் வாங்கியிருந்தார். அந்த அலுவலகம் பூட்டிவிட்டது, போன் இல்லை, டொமைனைக் கையாளும் இணையப் பக்கமான பேனலும் திறக்கவில்லை. நல்லவேளையாக ரிஜிஸ்ட்ரண்ட் கட்டத்தில் கடைக்காரரின் பெயரும் மெயிலும் சரியாக இருந்தன. மேலே இருந்த ரிஜிஸ்ட்ரார் யார் என்று தேடி, அடையாளச் சான்று அனுப்பி, பன்னிரண்டு நாளில் கைக்கு வந்துவிட்டது. டீச்சருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கட்டம். அங்கீகாரம் ஏன் முக்கியம் என்பதற்கும் பழைய உதாரணம் உண்டு: ரிஜிஸ்டர்ஃப்ளை என்ற ரிஜிஸ்ட்ரார் சீர்கெட்டபோது 2007-இல் ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்து, அதனிடம் இருந்த பெயர்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றியது. மேலே கேட்க ஒருவர் இருந்ததால் அது நடந்தது.

நீங்கள் விட்டுப் போக நினைத்தால் ரிஜிஸ்ட்ரார் விடுகிறாரா என்பதும் பார்க்க வேண்டியது. வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாறத் தேவைப்படும் டிரான்ஸ்ஃபர் கோடு உங்கள் பேனலிலேயே எடுக்க முடிய வேண்டும். முடியாவிட்டாலும் கேட்ட ஐந்து நாளுக்குள் டாட் காம் ரிஜிஸ்ட்ரார் தந்தாக வேண்டும். பெயரை எந்த சைட்டுக்கும் மெயிலுக்கும் இணைப்பது என்று சொல்லும் டிஎன்எஸ்ஸை நீங்களே மாற்ற முடிய வேண்டும். "எங்கள் ஹோஸ்டிங் எடுத்தால்தான் மாற்றித் தருவோம்" என்கிற இடத்துக்குப் போகவே போகாதீர்கள்.

கணக்கு திறக்கும்போது செய்யும் ஒரு தவறு இருக்கிறது, படித்தவர்களும் செய்கிறார்கள். ரிஜிஸ்ட்ராரிடம் கொடுக்கும் மெயில் அதே டொமைனில் உள்ள மெயிலாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும். நினைவூட்டல் எங்கே வரும்? உங்கள் சொந்த ஜிமெயிலைக் கொடுங்கள். பதிந்ததும் சரிபார்ப்பு மெயில் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் பெயரை நிறுத்தி வைப்பார்கள். புது சைட் இரண்டே வாரத்தில் காணாமல் போய்விட்டது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

இரண்டடுக்குப் பாதுகாப்பை எஸ்எம்எஸ்ஸில் மட்டும் வைக்காதீர்கள். எஸ்டேட் வீடுகளில் டவர் கிடைப்பதில்லை. ஜூலை மழையில் இரண்டு நாள் கரண்டே இருக்காது. ஓடிபி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் போடுங்கள், அது சிக்னல் இல்லாமலே எண் காட்டும். ஆப் கையில் இல்லாதபோது நுழைய உதவும் மாற்று எண்களைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள்.

டொமைன் முடியப் போகிறது, உடனே கட்டுங்கள் என்று முன்பின் தெரியாத நிறுவனத்திடமிருந்து கடிதமோ மெயிலோ வந்தால் கட்டாதீர்கள். உங்கள் பேனலில் நுழைந்து தேதியைப் பாருங்கள். அவ்வளவுதான்.

என் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன். வாடிக்கையாளரின் டொமைனை உங்கள் கணக்கில் போடாதீர்கள். அவசரத்தில், நல்லெண்ணத்தில்தான் போடுகிறீர்கள், தெரியும். நானும் ஆரம்ப வருடங்களில் போட்டிருக்கிறேன். நாளைக்கு நீங்கள் பெங்களூர் போவீர்கள், வேலை மாறுவீர்கள், நம்பர் மாறும். அவர் இங்கேயே இருப்பார்.

டொமைன் யார் பேரில் இருக்கிறது என்று இப்போதே உங்கள் சைட்டைச் செய்தவரிடம் கேளுங்கள். பொதுத் தேடலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 2018-இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து பெரும்பாலான டாட் காம் பதிவுகளில் பெயர் மறைந்தேதான் இருக்கும். பேனலில் ரிஜிஸ்ட்ரண்ட் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். இப்படி ஒரு வாட்ஸ்அப் போதும்: "தம்பி, நம்ம டொமைனை என் பேருக்கு மாத்திக்கறேன். கணக்கு திறந்துட்டேன். லாக்கை எடுத்துட்டு டிரான்ஸ்ஃபர் கோடு அனுப்புங்க." இருவருக்கும் ஒரே ரிஜிஸ்ட்ராரில் கணக்கு இருந்தால் கணக்குக்குக் கணக்கு தள்ளிவிடலாம், பெரும்பாலும் காசில்லை. வேறு ரிஜிஸ்ட்ராருக்கு என்றால் டாட் காமில் ஒரு வருடக் கட்டணம் கட்டுவீர்கள், அந்த ஒரு வருடம் காலக்கெடுவில் சேர்ந்துவிடும். புதிதாகப் பதிந்து 60 நாள் ஆகாத பெயர் நகராது. பழைய கணக்கில் இருக்கும்போதே ரிஜிஸ்ட்ரண்ட் பெயரை மாற்றினால் இன்னொரு 60 நாள் பூட்டு விழக்கூடும், ஆகவே முதலில் நகர்த்துங்கள், பிறகு பெயரை மாற்றுங்கள். நகர்த்தும்போது, டிஎன்எஸ் விவரம் இருக்கும் நேம் சர்வர் இரண்டையும் அப்படியே விடச் சொல்லுங்கள். தொட்டால் சைட்டும் மெயிலும் நின்றுவிடும், சீசனில் அது வேண்டாம்.