பல வருடம் நின்ற புல்லட்டுக்குள் என்ன நடக்கிறது?

கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ பழைய வீடு ஒன்றைக் காலி செய்யும்போது, பின்கட்டில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஒரு புல்லட் தலைகாட்டுவது அதிசயமில்லை. தாத்தா ஓட்டியது, அப்பா கொஞ்ச காலம் ஓட்டியது, அப்புறம் ஸ்கூட்டர் வந்ததும் ஓரம் கட்டியது. வெளியே இழுத்துத் தூசி தட்டியதும் எல்லாரும் செய்கிற முதல் காரியம் கிக்கரை உதைப்பது. தயவுசெய்து உதைக்காதீர்கள். அந்த ஒரு உதையில் எதெல்லாம் உடையும் என்று தெரிந்தால் கால் தானாகக் கீழே இறங்கிவிடும்.

ஓடாத வண்டி தேயாது என்று நினைக்கிறோம். உராய்வு இல்லை என்பது உண்மைதான். ஆனால் வேதிவினை நடக்கச் சக்கரம் சுற்ற வேண்டியதில்லை. காற்றும் ஈரமும் போதும். நம் கரையில் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றிலேயே சுண்டி, உப்புத் துகள்களாக ஊருக்குள் வருகின்றன. தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரைத் தானே இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 விழுக்காடே போதும். கடலூர்க் காற்று அதற்கும் கீழே காய்வது அரிது. ஆகவே உப்பு படிந்த இரும்பின் மேல், மழை பெய்யாத சித்திரையிலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் இருந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் படலத்தில் என்ன நடக்கிறது? இரும்பு அணு எலக்ட்ரான்களை இழந்து நீரில் அயனியாக இறங்குகிறது. விட்டுப்போன எலக்ட்ரான்களை, சற்றுத் தள்ளி வேறொரு புள்ளியில், ஆக்சிஜனும் நீரும் வாங்கிக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து துருவாகிறது. குளோரைடு இங்கே செய்யும் வேலைதான் கொடுமையானது. இரும்பின் மேல் இயல்பாக இருக்கும் மெல்லிய ஆக்சைடு காப்பை உடைக்கிறது, இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகிறது, அது நீரோடு வினைபுரிந்து துருவைப் படியவைத்துவிட்டு அமிலத்தை மிச்சம் வைக்கிறது. அந்த அமிலத்தில் இருப்பது அதே பழைய குளோரைடு. அது அடுத்த இரும்பைத் தேடிப் போகிறது. வட்டிக்கு விட்டவரின் முதலைப் போல, எவ்வளவு தின்றாலும் குளோரைடு குறைவதே இல்லை. கரையோர வண்டியின் சேஸிஸில் துருவைச் சுரண்டி, கழுவாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்புளம் கிளம்புவது இதனால்தான். முதல் வேலை உப்புத்தாள் தேய்ப்பதல்ல. நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுவதுதான் முதல் வேலை.

தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைத்தோமே என்பார்கள். மண் தரையிலிருந்து எழும் ஈரம் அதற்குள்தான் அடைபடுகிறது. இன்ஜின் கனத்த உலோகம். இரவில் குளிர்ந்தால், காலையில் காற்று சூடான பிறகும் வெகுநேரம் குளிராகவே இருக்கும். அந்த நேரத்தில் ஈரக் கடல்காற்று அதன்மேல் பட்டால் நீராக வியர்க்கும். மூடி வைத்த வண்டியைவிட, காற்றோட்டமான திண்ணையில் வெறுமனே நின்ற வண்டி நல்ல நிலையில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கிக்கருக்கு வருவோம். 350 சிசி புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. பிஸ்டன் அலுமினியம். சிலிண்டரும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளும் இரும்பு. வண்டியைக் கடைசியாக நிறுத்தியபோது ஒரு வால்வு திறந்தே நின்றிருந்தால், சைலன்சர் வழியாகவோ கார்புரேட்டர் வழியாகவோ ஈரக்காற்று நேராக சிலிண்டருக்குள் போகும். ரிங்கும் சிலிண்டரும் தொடும் இடத்தில் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த நூலளவு இடைவெளியில் அது வீங்கி இறுக்கிக்கொள்வதைத்தான் இன்ஜின் ஜாம் என்கிறோம்.

சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் நின்ற இடம் அப்படியே தெரியும். மேலும் கீழும் பளபளப்பு. நடுவில் ரிங் நின்ற மட்டத்தில் மட்டும் கோடு கோடாகச் செம்பழுப்பு வளையங்கள், நகத்தால் நெருடினால் விளிம்பு தட்டும். வார்ப்பிரும்பு ரிங் கண்ணாடி வகை உடைசல், வளையாது. அந்த நிலையில் உடல் எடையைப் போட்டு உதைத்தால் ரிங் ஒடியும், ஒடிந்த முனை சிலிண்டரைக் கீறும், கிக்கரின் பல் சிதையும். எண்ணெய் ஊற்றி விடுவித்திருக்கக்கூடிய சிலிண்டரை, லேத்துப் பட்டறையில் போர் போட்டு, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் மாட்டும் நிலைக்கு நாமே தள்ளிவிடுவோம்.

பதிலாக, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும். அசிட்டோனும் மெல்லிய ஹைட்ராலிக் ஆயிலும் சரிபாதி கலந்தாலும் நன்றாக இறங்கும். நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் ஒரு மூத்த மெக்கானிக் சொல்வார்: "ஊத்திட்டு வீட்டுக்குப் போ தம்பி. அது வேலை செய்யட்டும், நீ செய்யாத." அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. நுண்ணிய இடுக்கில் திரவம் தானே ஏறுவது நுண்புழை விசையால். அப்படி ஊடுருவும் தூரம், நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். முதல் மில்லிமீட்டருக்கு 1 மணி நேரம் ஆனால், 2 மில்லிமீட்டருக்கு 4 மணி நேரம், 5 மில்லிமீட்டருக்கு 25 மணி நேரம். இடுக்கு குறுக, வேகம் இன்னும் குறையும். ஊற்றிய மறுநாள் அசையவில்லை என்பதற்காகச் சுத்தியலைத் தேடுவது தவறு. எண்ணெய் பாதி வழியில் இருக்கிறது.

கூடவே வெப்பமும் உதவும். 100 டிகிரி சூடேறினால் 70 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் சுமார் 0.16 மி.மீ. விரியும். இரும்புச் சிலிண்டர் 0.08 மி.மீ.தான் விரியும். சூட்டில் பிஸ்டன் துருவை நசுக்குகிறது, ஆறும்போது பின்வாங்குகிறது. நொறுங்கிய துருவுக்குள் எண்ணெய் புகுகிறது. சிலிண்டர் துடுப்புகளின் மேல் ஹாட் ஏர் கன் பிடித்து, ஆறவிட்டு, மறுபடி செய்யலாம். உள்ளே டீசல் இருக்கும்போது நெருப்பு கூடாது. அசிட்டோன் ஊற்றியிருந்தால் ஹாட் ஏர் கன்னும் கூடாது. கொஞ்சம் இளகியதும் டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். ஒரு பக்கமாக மட்டும் தள்ளாமல் இரு பக்கமும் அசைத்தால்தான் துருத்தூள் வழிவிடும்.

அடுத்தது பெட்ரோல். இது ஒரே பொருள் கிடையாது, நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிதான் குளிர்ந்த இன்ஜினை எழுப்புவது. முதலில் பறந்துபோவதும் அதுதான். மிஞ்சியதில் இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துப் பிசினாகின்றன. செம்பு இந்த வினையைத் துரிதப்படுத்தும். பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளை கொண்ட கார்புரேட்டர் ஜெட்டுகள் பித்தளை, அதாவது செம்புக் கலவை. எங்கே அடைப்பு வரக்கூடாதோ அங்கேயே பிசின் வேகமாக உருவாகிறது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பெட்ரோல் வாசமே இருக்காது. பழைய வார்னிஷ் வாடை அடிக்கும், அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும்.

அதில் புது பெட்ரோலை ஊற்றி ஊறவைப்பதால் பெரிய பலன் இல்லை. ஆக்சிஜன் சேர்ந்ததால் பிசினின் மூலக்கூறுகள் மின்முனைவு பெற்றுவிட்டன, அதாவது ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும். பெட்ரோலுக்கு அந்தக் குணம் கிடையாது. அதே குணமுள்ள அசிட்டோனில், தின்னரில் கரையும். மிதவையையும் ரப்பர் வளையங்களையும் முன்பே கழற்றிவிடுங்கள், தின்னர் அவற்றைத் தின்றுவிடும். ஐடில் ஓட்டத்துக்கான பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரும்புக் கம்பி விட்டுக் குத்தினால் மென்மையான பித்தளை அகன்று, பெட்ரோல் அளவே மாறிப்போகும். நம் ஊரில் அதற்கு அருமையான கருவி இருக்கிறது. மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய தங்கூஸ். நைலான் பித்தளையைக் கீறாது.

டேங்கின் உள்துருவுக்குச் சலவைச் சோடாவும் பேட்டரி சார்ஜரும் போதும். டேங்கைப் பல முறை கழுவி, பெட்ரோல் ஆவி துளியும் இல்லாதபடி காற்றாட விட்ட பிறகு, சோடா கரைத்த நீரை நிரப்ப வேண்டும். ஓர் இரும்புக் கம்பியை டேங்கைத் தொடாதபடி உள்ளே தொங்கவிட்டு, சார்ஜரின் நேர்முனையைக் கம்பியிலும் எதிர்முனையை டேங்கிலும் கொடுக்க வேண்டும். துரு உருவானபோது இழந்த எலக்ட்ரான்களை இப்போது நாம் திருப்பித் தருகிறோம். செந்துரு இளகிக் கறுப்பாகிறது, டேங்க் சுவரில் எழும் ஹைட்ரஜன் குமிழ்கள் அதை உரித்துத் தள்ளுகின்றன. ஹைட்ரஜன் வெடிக்கும் வாயு, ஆகவே திறந்தவெளியில் மட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி கூடவே கூடாது, அதிலிருந்து புற்றுநோய் தரும் குரோமியச் சேர்மம் நீரில் கலக்கும். கம்பி நேராகப் பார்க்கும் இடத்தில்தான் வேலை நன்றாக நடக்கும் என்பதால், இடம் மாற்றி மாற்றித் தொங்கவிட வேண்டும். நீரைக் கொட்டியதும் ஈர இரும்பு நிமிடங்களில் மறுபடி செம்மை தட்டத் தொடங்கும். உடனே சூடான காற்றில் உலர்த்தி, கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சுழற்றிவிட வேண்டும்.

இனி அதில் ஊற்றப்போகும் பெட்ரோலும் தாத்தா காலத்துப் பெட்ரோல் அல்ல. 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்டது. இன்று பங்கில் கிடைப்பதில் 20 விழுக்காடு வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை ஊதவைக்கும், டேங்கில் ஒட்டியிருந்த பழைய கசடை இளக்கிக் கொண்டுவந்து ஜெட்டை அடைக்கும். தன்னுள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் தரும் அளவு கொஞ்சம் பற்றாமல் போகும், இன்ஜின் கூடுதலாகச் சூடேறும். எத்தனால் தாங்கும் புது பெட்ரோல் டியூப், ஒரு ஃபில்டர், ஒரு படி பெரிய மெயின் ஜெட். இந்த மூன்றிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கரன்ட் பக்கம் பெரும்பாலும் பாயிண்ட்தான், அதாவது இன்ஜின் சுழலச் சுழலத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்தான், பிரச்சினை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் ஓடிக் காந்தப்புலம் எழும். திறந்த கணத்தில் அது சரியும்போது, பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட உட்கம்பியில் 10,000 வோல்ட்டுக்கும் மேல் பிறந்து பிளக்கில் தாவும். சரிவு எவ்வளவு சட்டென்று நடக்கிறதோ அவ்வளவு பலமான பொறி. பாயிண்ட் முகத்தில் ஆக்சைடு படிந்தால் மின்னோட்டமே முழுதாக எழாது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான அட்டையை நடுவே இழுத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். பொறி மஞ்சளாகவும் நோஞ்சானாகவும் இருந்தால் ஈரம் குடித்த கண்டென்சரை மாற்றுங்கள்.

டயர், ஆயில் சீல், பிரேக் ஷூ ஆகியவற்றை யோசிக்காமல் மாற்ற வேண்டும். ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் அறுப்பதால்தான் டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு விழுகிறது. பட்டன் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அந்த டயரை நம்பக்கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். எஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் கிராங்க் ஆயில் சீலைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அது இறுகிப்போனால் வெளிக்காற்று உள்ளே கசிந்து, பெட்ரோல் பற்றாமல் பிஸ்டனே உருகக்கூடும்.

பெயின்ட் விஷயத்தில் என் கட்சி ஒன்றுதான். உரியாமல் இருக்கும் பழைய பெயின்ட்டை, கையால் இழுத்த தங்கக் கோடுகளோடு, அப்படியே விடுங்கள். பளபளப்பை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், அந்தக் கோட்டை வாங்க முடியாது.

இன்னும் ஸ்டார்ட் செய்யும் நேரம் வரவில்லை. புல்லட்டில் ஆயில், கிராங்க் கேஸிலேயே தனி அறையில் இருக்கும். வருடக்கணக்கில் நின்றால் அது பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் தேங்கிவிடும். பழையதை முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திச் சுழற்ற வேண்டும். ஹெட்டுக்குப் போகும் மெல்லிய குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்திவைத்தால், ஆயில் அங்கே எட்டிப் பார்க்கும். அது தெரிந்த பிறகு நட்டை இறுக்கி, பிளக் மாட்டி, அப்போது உதைக்கலாம். பிடித்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, முழுக்க ஆறவிட்டு, வால்வு இடைவெளியையும் ஹெட் நட்டுகளையும் மறுபடி பாருங்கள். சில முறை இப்படி ஓடியதும் அந்தப் புது ஆயிலையும் வடித்து, ஒரு காந்தத்தை அதில் விட்டு எடுங்கள். கறுப்பாக மெல்லிய தூள் ஒட்டினால் உள்ளே இன்னும் துரு கழன்றுகொண்டிருக்கிறது, இன்னொரு முறை ஆயில் மாற்ற வேண்டும். சுத்தமாக வந்தால் பிரேக்கைச் சோதித்துவிட்டுத் தெருவுக்கு எடுக்கலாம்.