டிஜிட்டல் மிரர்: பின்காட்சித் திரை

மின்சாரக் கார்கள் சிலவற்றில், கதவோரக் கண்ணாடி இருந்த இடத்தில் சிறு கேமராவைப் பொருத்தி, அது காணும் காட்சியை உள்ளே ஒரு திரையில் காட்டும் அமைப்பை ‘டிஜிட்டல் மிரர்’ என்கிறார்கள். ஜப்பான் 2016இல் இதற்கு இசைவளித்தது. பின்னர் வந்த ‘ஹோண்டா இ’ காரில் கதவோரக் கண்ணாடியே கிடையாது. வாகன விதிகளில் இதன் பெயர் ‘கேமரா மானிட்டர் சிஸ்டம்’.

‘மிரர்’ என்பது வியந்து நோக்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழியில் வந்தது. தமிழில் அதற்குப் பழஞ்சொல் ‘ஆடி’. குறுந்தொகையின் 8ஆம் பாடலில் வரும் ஆடிப்பாவை, முன்நிற்பவர் கையும் காலும் தூக்கத் தானும் தூக்குகிறது. பார்ப்பவருக்கு ஏற்ப மாறுவதே ஆடியின் இயல்பு. ஓட்டுநர் தலையைச் சற்றுச் சாய்த்தால் கண்ணாடியில் தெரியும் பரப்பும் மாறும். திரையில் அவ்வாறு மாறாது. மேலும், கண்ணாடியில் தெரியும் வண்டியைப் பார்க்கக் கண் தொலைவுக்கே குவிய, திரையைப் பார்க்கவோ அது அருகுக்குக் குவிய வேண்டியிருப்பதால், வெள்ளெழுத்து (வயதால் அருகிலுள்ளது தெளிவாகத் தெரியாத குறை) உள்ளவர்களுக்கு அது கடினமாகலாம். ஆகவே ‘மின்னணு ஆடி’ என்ற நேர்பெயர்ப்பு எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ‘பின்காட்சித் திரை’ என்பதே பொருந்தும்.

‘கேமரா’ இலத்தீனில் வளைகூரை அறையைக் குறித்தது. சிறு துளை வழியே வெளிக்காட்சி உள்ளே விழும் இருட்டறையை வானியலாளர் கெப்ளர் 1604இல் ‘கேமரா அப்ஸ்கியூரா’ என்றார். அதன் முற்பாதியே கருவிக்குப் பெயராயிற்று. தமிழில் ‘படக்கருவி’ போதும். காட்சியைச் சேமிக்காமல் உடனுக்குடன் காட்டும் இதற்குப் ‘புகைப்படக்கருவி’ பொருந்தாது.

‘சென்சார்’ என்பதற்கு ‘உணரி’ நிலைபெற்றுவிட்டது. பம்பரில் வட்டப் பொட்டுகளாகத் தெரிபவை மீயொலி (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வொலி) உணரிகள். அவை அனுப்பும் ஒலி தடையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளப்பவை. டெஸ்லா 2022 அக்டோபரில் மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து இவற்றை நீக்கத் தொடங்கி, அந்த வேலையைக் கேமராக்களிடம் ஒப்படைத்தது. எதிரொலியை அளக்கும் உணரியைப் போலன்றி, கேமரா படத்திலிருந்து தூரத்தைக் கணிக்கிறது. ‘அளத்தல்’, ‘கணித்தல்’ என்னும் வேறுபாட்டைத் தமிழில் எழுதுவோர் பேண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களில் பின்புறக் கேமரா கட்டாயம். ஆனாலும் கதவோரக் கண்ணாடியை நீக்க அங்கு விதி இடந்தரவில்லை. ஒரே காரில் கண்ணாடியும் திரையும் சேர்ந்திருக்கும் அத்தகைய இடங்களில், இரண்டையும் ‘மிரர்’ என்றே அழைத்தால் ஓட்டுநர் கையேட்டின் அறிவுரை எதைப் பற்றியது என்பது விளங்காது.