மூன்று டன் ட்ரெய்லரைக் காற்று தள்ளுமா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே ஐ-80 நெடுஞ்சாலை எல்க் மலையை ஒட்டிப் போகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலான உயரம். குளிர்காலத்தில் அங்கே பனியைவிடக் காற்றுதான் பெரிய தொல்லை. காற்று வலுத்தால், எடை குறைந்த உயரமான வண்டிகள் வரக்கூடாது என்று மின்பலகையில் போட்டுவிடுவார்கள். பிக்கப் டிரக் இழுத்துப்போகும் வீட்டு ட்ரெய்லரும், அதாவது பயணத்தில் தங்கிக்கொள்ளும் சக்கரப் பெட்டியும், அதில் அடக்கம். மூன்று டன் பெட்டி எப்படி எடை குறைந்ததாகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டி 7 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம் என்றால் பக்கவாட்டுப் பரப்பு 17 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 90 கி.மீ. வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று அதை 500 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு தள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் டயர்களின் பிடி 2,000 கிலோவைத் தாண்டும், கவலையில்லை. சாலையில் பனிக்கட்டி படிந்திருந்தால் உராய்வு சுமார் 0.1, அதாவது டயர்கள் தாங்கும் எடையில் பத்தில் ஒரு பங்குதான் பிடி. பெட்டியின் எடையில் கொஞ்சம் டிரக்கின்மேல் இருப்பதால் பிடி 300 கிலோவைக்கூடத் தொடாது. அவ்வளவுதான், பெட்டி நகர்ந்துவிடும்.

காற்று இதைவிடக் குறைவாக இருந்தாலும் இன்னொரு வம்பு உண்டு: ட்ரெய்லர் வாலாட்டுவது. பெட்டியை டிரக்கோடு இணைப்பது ஒரே ஒரு இரும்புக் குண்டு. காற்றோ, கடந்துபோகும் லாரியோ பெட்டியை லேசாகத் திருப்பினால் டயர்கள் அதை நேருக்கு இழுக்கும். அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகும். மெதுவாகப் போனால் நாலு ஆட்டத்தில் அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அடங்க நேரமாகும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அடங்குவதே இல்லை, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிறது. அதுவரை சாதுவாக வந்த ட்ரெய்லர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியதும் திடீரென்று முரண்டு பிடிப்பது இதனால்தான்.

அந்த எல்லை வேகம் பெரும்பாலும் பாரம் ஏற்றிய விதத்தைப் பொறுத்தது. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். இங்கே முன்பாரம்தான் நல்லது: மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தக் குண்டின்மேல் அழுந்த வேண்டும். குளிர்காலத்தில் இதில் ஒரு சூட்சுமம். உறைந்து வெடித்துவிடக்கூடாதே என்று தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்புவார்கள். தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்து, அதில் 200 லிட்டர் பிடிக்கும் என்றால், முன்னாலிருந்த 200 கிலோ காணாமல் போய், குண்டின்மேல் அழுத்தம் குறைகிறது. கோடையில் ஒழுங்காக வந்த அதே ட்ரெய்லர் இப்போது வாலாட்டலாம்.

ஆடத் தொடங்கியதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அது தவறு. டிரக் வேகம் குறைய, பின்னாலிருந்து பெட்டி முட்டித் தள்ளி ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டாஷ்போர்டில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் போட வேண்டும். பெட்டி பின்னுக்கு இழுபட்டு நேராகும்.

சரி, பனிக்கட்டியிலும் இது உதவுமா? ட்ரெய்லரின் மின்காந்த பிரேக்குகள் பலவற்றில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு கிடையாது. உலர்ந்த சாலைக்கு வைத்த அளவிலேயே அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி அனேகமாக இல்லை. பெட்டி டிரக்கின் பக்கமாகவே மடிந்து வரும். அதனால் பனிச்சாலையில் ஏறுவதற்கு முன்பே பிரேக்கின் வலிமையைக் குறைத்து வைக்கிறார்கள். உலர்ந்த இடம் வந்ததும் மறக்காமல் ஏற்றிவிடவும் வேண்டும்.