அண்ணனுக்கு எழுதும் தம்பியைப் பொறாமைக்காரன் என்று சொல்லாதீர்கள்

"பெரியப்பா பையன் முன்னேறிட்டான், இவனுக்குப் பொறாமை. அதான் எதிலும் ஒட்டாம திரியறான்." மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே ஒரு அப்பா சொன்னார். மனநல ஆலோசகராக இந்த வாக்கியத்தை எத்தனை பெற்றோரிடம் கேட்பது? அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பையனின் சம்மதத்தோடு அண்ணன், தம்பி இருவரின் வாட்ஸ்அப் உரையாடலைப் படித்தேன். அண்ணன் ஒரு படி ஏறியதுமே அடுத்த படிக்குத் திட்டம் போடுகிறவர். தம்பிக்கு இருக்கிற வேலை பிடிக்கவில்லை, விடவும் துணிவில்லை. பதவி உயர்வுச் செய்தி வந்த அடுத்த நிமிடமே தம்பியின் பதில்: "சூப்பர்ணே! உனக்குக் கிடைக்கும்னு எனக்குத் தெரியும்." அன்றிரவு 2 மணிக்கு மேல், "தூங்கிட்டியாண்ணே?" அதன் கீழே அனுப்பி அழித்த மூன்று செய்திகள். காலையில் அண்ணன் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சும்மாதான்."

இதில் பொறாமை எங்கே இருக்கிறது?

மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடுதான் தங்களை அதிகம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதிவிட்டார். எங்கோ இருக்கும் கோடீஸ்வரரைப் பார்த்து யாரும் தூக்கம் இழப்பதில்லை. கூடவே வளர்ந்தவன், கிட்டத்தட்ட அதே வயது, அதே வாய்ப்பு, அவன் மட்டும் மேலே போனால்தான் "எனக்கு என்ன குறை?" என்ற கேள்வி குடையும். பொறாமைப்படுகிறவன் அடுத்தவன் சறுக்கினால் உள்ளுக்குள் மகிழ்வான். என்னிடம் வரும் பையன்களோ அண்ணனுக்குக் காய்ச்சல் என்றாலே பதறுகிறார்கள். அவர்கள் கோபமெல்லாம் தங்கள் மேல்தான். ஒருவரை மனதார நேசித்துக்கொண்டே அவர் முன்னால் கூனிக் குறுகுவதும் நடக்கும். அதற்குப் பொறாமை என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டால் பையன் வெட்கப்பட்டு எழுதுவதையே நிறுத்திவிடுகிறான். மனம் திறக்க அவனுக்கு இருந்த ஒரே ஆளும் போய்விடுகிறார்.

வேலை பிடிக்காத எல்லோருக்கும் மனச்சோர்வு நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ 2 வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற பேச்சும் வந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போயே ஆக வேண்டும். ஆண்பிள்ளைகளிடம் இது பல நேரம் எரிச்சலாகவும் கத்தலாகவும்தான் வெளிப்படும். திமிர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அந்தச் செய்திகளைப் பெறும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்: தயவுசெய்து உற்சாகப் பேச்சு வீடியோக்களை அனுப்பாதீர்கள். "நான் மட்டும் கஷ்டப்படலையா?" என்பதும் வேண்டாம். உங்கள் வெற்றியை மறைத்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான், இன்னும் சுருங்கிப்போவான். சொல்லுங்கள். கூடவே உங்கள் பயத்தையும் சொதப்பலையும் சொல்லுங்கள். அவனுக்கு வேலை வாங்கித் தர அவசரப்படுவதற்கு முன்னால், அவன் என்ன நினைக்கிறான் என்று முழுசாகக் கேளுங்கள்.

"நான் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை" என்ற தொனியில் ஒரு வரி வந்தாலும் நேராகவே கேட்டுவிடுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற பயம் தவறு. கேட்பதால் எண்ணம் வராது, பலருக்கு ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் அவனைத் தனியே விடக் கூடாது, உடனே அவசர உதவியை நாட வேண்டும். நீங்கள் தொலைவில் இருந்தால், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காமல், அவன் அருகில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 15 முதல் 29 வயதுள்ளோரின் இறப்புக்குத் தற்கொலை மூன்றாவது பெரிய காரணம். தயங்க நேரமில்லை.

பெற்றோரே, "அவனைப் பார்த்துக் கத்துக்கோ" என்பதை இன்றோடு விடுங்கள். அவன் செல்போனை வாங்கி ரகசியமாகப் படிக்கவும் வேண்டாம்.

தம்பி, உனக்கும் ஒன்று. இரவில் எழுதியதை அழிக்காமல் விட்டுவிடு. நீ சொல்லவந்தது அதுதான்.

முதல்முறை ஆலோசகரைப் பார்க்க அவன் தயங்கினால், "நானும் வரேன்" என்று அண்ணன் சொன்னாலே பாதி பயம் போய்விடும். தொலைவில் இருப்பவர் நேரத்தைப் பதிவு செய்து கொடுத்துவிட்டு, முடிந்ததும் அவனைக் கூப்பிடலாம். உள்ளே என்ன பேசினாய் என்று மட்டும் துருவாதீர்கள்.